பந்தயத்துக்கு முந்தின வாரம்

என் கணவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், "சும்மா இருங்க" என்று மட்டும் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சோபாவில் உட்கார வைத்தால் டிவி ரிமோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். ஈரோட்டுப் பக்கம் பிறந்து, பரீட்சைக்கு முந்தின வாரமெல்லாம் தூங்காமல் படித்தே ரேங்க் வாங்கி, நியூஜெர்சிவரை வந்து சேர்ந்த மனிதர். நாங்கள் குடியிருக்கிற மான்மவுத் ஜங்ஷனில் அந்தக் கதையைக் கேட்காத தமிழ்க் குடும்பம் கிடையாது. எந்த வீட்டுச் சாப்பாட்டுக்குப் போனாலும் தயிர் சாதம் வருவதற்குள் அந்த ரேங்க் வந்துவிடும்.

அவருடைய ஒரே மகள் ஹைஸ்கூலில் ஓட்டக் கோஷ்டியில் சேர்ந்தாள். கிராஸ் கன்ட்ரி என்று பெயர். மேடு, சேறு, புல்வெளி என்று பார்க்காமல் மூன்று மைல் ஓட வேண்டும். "மேத்ஸ் டீம்னு ஒண்ணு இருக்கே, அதுல எடம் இல்லையாமா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் ஜெயிக்க ஆரம்பித்ததும் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அவர்களுடைய கோச் அதே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற அம்மாள். தினமும் காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடியை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். உடம்பு பயிற்சியைத் தாங்குகிறதா, களைத்துவிட்டதா என்று அதில் தெரிந்துவிடுமாம்; களைத்தால் நாடி ஏறுமாம். எங்கள் மகள் அலாரத்துக்கெல்லாம் எழுகிற ஜாதி இல்லை. ஆகவே அந்த வேலை என் தலையில் விழுந்தது. கதவைத் தட்டாமல் உள்ளே நுழைந்தால் கத்துகிற வயது அவளுக்கு. ஆனால் தூக்கத்தில் மட்டும் கையை என்னிடம் நீட்டிவிட்டுக் கிடப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே நான் சீக்கிரம் எழுந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிமிஷம் முடிந்த பிறகும் கையை விடமாட்டேன்.

கோடை முழுக்க ஓடினாள். நாடி இறங்கிக்கொண்டே வந்து ஐம்பது சொச்சத்தில் நின்றது. எனக்குக் குலை நடுங்கிவிட்டது. அடுத்த தெருவில் இருந்த டாக்டர் தோழிக்கு போன் செய்து அழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அடி போடி, பயந்தாங்கொள்ளி! ஓடி ஓடி அவ ஹார்ட் ஸ்ட்ராங் ஆயிடுச்சு. ஒரு தடவை அடிச்சா நெறைய ரத்தத்தை பம்ப் பண்ணுது, அதனால கம்மியா அடிச்சாலே போதும். நீ மாடிப்படி ஏறிட்டு உன்னோடத எண்ணிப் பாரு, அப்புறம் அழு."

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப ஹார்ட்டும் சோம்பேறி ஆயிடுச்சுன்னு சொல்லு" என்றார்.

இலையுதிர் காலத்தில் விஷயம் சூடு பிடித்தது. ஸ்டேட் பந்தயத்துக்குப் பள்ளியிலிருந்து ஏழு பெண்கள் போகலாம். ஆறு பேர் முடிவாகிவிட்டார்கள். ஏழாவது இடத்துக்கு எங்கள் மகளும் இன்னொரு பெண்ணும். சனிக்கிழமை பார்க்கில் இரண்டு பேரையும் ஓடவிட்டு, முந்தி வருகிறவளை எடுத்துக்கொள்வதாக கோச் சொல்லிவிட்டாள். மகள் அந்த இடத்துக்காகவே உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். கூடவே கோச் இன்னொன்றும் சொன்னாள்: இந்த வாரம் ஓட்டத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவர் ஆபீஸிலிருந்து வந்து, பையைக்கூட வைக்காமல் அப்படியே நின்றார்.

"என்ன கண்ணு, படுத்திருக்கே?"

"ஐ'ம் ரெஸ்டிங், அப்பா. ரன் பண்ணும்போது மஸில்ஸ் பிரேக் டவுன் ஆகும். யூ கெட் ஸ்ட்ராங்கர் வென் யூ ரெஸ்ட்."

அவர் சமையலறைக்கு வந்து என்னிடம் குமுறினார். "எக்ஸாமுக்கு முந்தின வாரம் புக்கை மூடி வைன்னு எந்த வாத்தியாராவது சொல்லுவானா? அந்தம்மாவுக்கு மொதல்ல ஓடத் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அத்தோடு அடங்கிவிட்டார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை நாடி ஏறியிருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. வியாழக்கிழமை இன்னும் ஏறி அறுபதைத் தாண்டியது. மிளகு ரசம் வைத்தேன், திருஷ்டிகூடக் கழித்தேன். அவளைக் கேட்டால், "ஐ'ம் ஃபைன், அம்மா."

அன்றைக்குச் சாயங்காலம் துணி துவைக்க கராஜுக்குப் போனபோது விடை கிடைத்தது. அவளுடைய ஷூவுக்குப் பக்கத்தில் இவருடைய ஷூ. தள்ளுபடியில் வாங்கி, பெட்டியிலிருந்து வெளியே எடுக்காமலே வைத்திருந்த ஷூ. அதன்மேல் அப்பின மாதிரி, இன்னும் முழுக்கக் காயாத சேறு. உள்ளே வந்து பார்த்தால், ஐயா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு நாளா அப்பாவும் பொண்ணும் லைப்ரரிக்குன்னுதானே போனீங்க? லைப்ரரியில எப்பலேர்ந்து சேறு?"

திருதிருவென்று விழித்தார். "ரிவிஷன்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல, மேடு மட்டும்."

"மேடு மட்டுமா!"

அன்றைக்கு நான் பேசின பேச்சில் பாதியை இங்கே எழுத முடியாது. அவரைத் தாளித்து முடித்துவிட்டு மகளிடம் போனேன். "உனக்குத் தெரியும்ல, ரெஸ்ட் எடுக்கணும்னு? நீயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் தலையணையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஹி வாஸ் ரன்னிங் வித் மீ, அம்மா. ஹி நெவர் டஸ் எனிதிங் வித் மீ." தலையணையை இழுத்து அணைத்துக்கொண்டு, "நான் எப்படி நோ சொல்றது?"

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அவரும் லீவு போட்டார். இரண்டு பேரையும் சோபாவில் உட்கார வைத்துவிட்டேன். அவர் கால் ஆடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. சனிக்கிழமை காலை நாடி சற்று இறங்கியிருந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வந்து சேரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பார்க்கில் இரண்டு பெண்களும் கடைசிவரை தோளோடு தோளாகத்தான் ஓடினார்கள். முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மேடு. "ஏறு கண்ணு, ஏறு!" என்று இவர் கத்தின கத்தலில் வாத்துகள் குளத்தை விட்டுப் பறந்தன. பாதி மேட்டில் அவள் கால்கள் கனத்துப்போனது எனக்கே தெரிந்தது. அந்தப் பெண் நாலு எட்டு முன்னே போனாள். அந்த நாலு எட்டை எங்கள் மகளால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

அவர் கத்துவதை நிறுத்திவிட்டார். "என்னாலதானே?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிவிட்டேன்.

மகள் முழங்காலில் கையூன்றி நின்று கொஞ்சம் அழுதாள். பழக்கதோஷத்தில் நான் அவள் கையைப் பிடித்தேன். நாடி தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் பிடித்திருக்கும்போதே இறங்க ஆரம்பித்தது. எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று எனக்கு ஆச்சரியம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளி நின்ற அப்பாவைப் பார்த்தாள். நேரே போய் அவருடைய கையை எடுத்து, நான் வைக்கிற மாதிரியே இரண்டு விரலை வைத்து, வாட்சைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பாவோடது என்னோடத விட ஃபாஸ்ட்!"

அவர் குனிந்து அவளுடைய வாட்சை எட்டிப் பார்த்தார்.

"அப்பா, கொஞ்சம் சும்மா உக்காருங்க" என்றாள், நல்ல தமிழில்.

நான் வருஷக்கணக்கில் சொல்லியும் கேட்காத மனிதர், ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். நிமிஷம் முடிந்த பிறகும் அவர் கையை அவள் விடவில்லை.