திங்கக்கிழமை ஷோபாவோட டெம்ப்ளேட்தான்

ஷோபா போயிட்டா.

காலைல அவ வீட்டுக்காரர் போன் பண்ணினார். ஜுரம்னு ஆஸ்பத்திரில சேர்ந்தவ... திரும்பி வரல.

ஓசூர் சிப்காட்ல, எங்க கம்பெனி சர்வர் ரூம்ல நானும் அவளும் ஒண்ணா வேலை பார்த்தோம். பார்டருக்கு அந்தப் பக்கம், கர்நாடகால அத்திப்பள்ளிக்காரி. தினமும் ஜூஜுவாடி டிராஃபிக்ல மாட்டி, கன்னடத்துல திட்டிக்கிட்டே உள்ள வருவா.

முன்னாடியெல்லாம் ஒவ்வொரு சர்வருக்கும் கையாலதான் செட்டிங் போடுவோம். நான் போட்டது ஒரு மாதிரி, அவ போட்டது ஒரு மாதிரி. ஏதாவது ஒண்ணு மக்கர் பண்ணினா "யாரு இதை செட் பண்ணது?"ன்னு சண்டைதான்.

அவதான் பிடிவாதமா உட்கார்ந்தா. ஒரு சர்வரை ஒழுங்கா செட் பண்ணி, அந்த செட்டிங்கை அப்படியே டெம்ப்ளேட்டா எடுத்து வெச்சா. இனிமே எந்த சர்வர் வந்தாலும் அதையே போட்டுடலாம்.

முதல் தடவை என்ன ஆச்சு தெரியுமா... அந்த ஒரு சர்வரோட நெட்வொர்க் அட்ரஸும் டெம்ப்ளேட்டுக்குள்ள போயிடுச்சு! போட்ட சர்வர் எல்லாம் ஒரே அட்ரஸுக்கு அடிச்சுக்குது. எனக்கு சிரிச்சு சிரிச்சு வயிறு வலி. "நகபேடா குமாரு, சிரிச்சே அடி வாங்குவே"ன்னு கத்தினா. கத்திட்டு அவளும் சிரிச்சா.

சிரிச்சு முடிச்சுட்டு உட்கார்ந்து எல்லாத்தையும் சரி பண்ணினா. சாப்பிடக்கூட போகல.

அப்புறம் கரண்ட். போயிட்டு வந்தா எல்லா சர்வரும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் ஆகி பிரேக்கர் ட்ரிப் ஆயிடும். ஒவ்வொண்ணும் கொஞ்சம் கேப் விட்டு ஆன் ஆகற மாதிரி அதையும் டெம்ப்ளேட்லயே வெச்சா. அதுக்கப்புறம் கரண்ட் போனா நாங்க டீ குடிக்கப் போயிடுவோம்.

நான் எது செஞ்சாலும் பின்னாடி வந்து நிப்பா. "ஆயித்தா?" முடிஞ்சுதான்னு கன்னடத்துல கேப்பா. ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி... "ஆயித்தா?" அய்யோ, அவ்ளோ கடுப்பா இருக்கும்.

திங்கக்கிழமை புது ஷெட்டுக்கு சர்வர் வருது. வேற மாடல். அதுக்கு டெம்ப்ளேட்டை மாத்தற வேலைய அவ ஆரம்பிச்சு பாதில விட்டுட்டுப் போயிருக்கா.

இன்னைக்கு விஷயம் கேட்டதும் மேனேஜர் சொல்றார்... "பாவம்பா. சரி, அந்த டெம்ப்ளேட்டை விட்டுடு, வெளிய ஆள் வெச்சு கையால போட்டுக்கலாம்."

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "வேணாம் சார். மீதியை நான் முடிக்கறேன்."

"முடியலன்னா? புது ஷெட்ல புரொடக்ஷன் லைனே நிக்கும்பா."

"நின்னா என்னைக் கேளுங்க சார்."

சரின்னுட்டார்.

பயமா இருக்கு, பொய் சொல்லல. அவ பாதி, நான் பாதின்னு செஞ்ச வேலை இது. இப்ப நான் மட்டும். ஆனா விடமாட்டேன்.

சாயங்காலம் அத்திப்பள்ளில எடுக்கறாங்க. நம்ம டீம் ஆளுங்க நாலு மணிக்கு கேட்ல நில்லுங்க, சேர்ந்து போலாம். போயிட்டு வந்து வேலைல உட்காருவேன்.

திங்கக்கிழமை கடைசி சர்வர் ஆன் ஆனதும் அந்த ரூம்ல சத்தமா சொல்லுவேன். யார் என்ன நெனச்சாலும் பரவால்ல.

ஆயித்து ஷோபா.