இந்த ஸ்கூலுக்கு எத்தனை எச்.எம்.?

எங்கள் பள்ளிக்கூடம் திருமுல்லைவாயிலில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டுவரை உள்ள நடுநிலைப் பள்ளி. நான் அங்கே கணக்கு டீச்சர். வீடு கொரட்டூர், மின்சார ரயிலில் போய் வருகிறேன். நடுவில் இரண்டே ஸ்டேஷன். ஆனால் கொரட்டூர் சென்னை மாவட்டம், திருமுல்லைவாயில் திருவள்ளூர் மாவட்டம். இரண்டுக்கும் கலெக்டர் வேறு. மழைக்காலத்தில் இது படுத்துகிற பாடு இந்தப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிப் பள்ளிக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் தண்ணீர், மாடியில் வீட்டை விட்டு வந்த குடும்பங்கள். எங்கள் தலைமை ஆசிரியை அந்த அலைச்சலில் நெஞ்சு வலி வந்து படுத்தவர்தான். பைபாஸ் முடிந்து நீண்ட மருத்துவ விடுப்பில் போய்விட்டார். பணிமூப்பில் அடுத்தவள் நான். ஆகவே பொறுப்பு எச்.எம். என்ற பட்டம் என் தலையில் விழுந்தது. சம்பளம் அதேதான், திட்டு மட்டும் கூடுதல்.

தண்ணீர் வடிந்து பள்ளி திறந்தபோது சேறு போயிருந்தது, நாற்றம் போகவில்லை. பாதி பெஞ்சுகளின் கால் ஊறிப் போய் ஆடின. அதையெல்லாம் சரிசெய்துவிடலாம். ஆசிரியர்கள் முறைத்துக்கொண்டு நின்றதைத்தான் சரிசெய்ய முடியவில்லை. முகாம் நடந்த நாட்களில் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதுதான் சண்டை. ஒன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் இருப்பவள். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து பாலும் ரொட்டியும் கொடுத்தாள். ஐயப்பன்தாங்கலிலிருந்து வருகிற இங்கிலீஷ் சார் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் என்று பிறகு தெரிந்தது. தெரிவதற்குள் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்திருந்தார்கள். அவர் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தன் வகுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். அறிவியல் எடுக்கும் பூந்தமல்லி டீச்சர் மட்டும் எல்லோரிடமும் பேசுவார். அதற்காகவே எல்லோரும் அவரைச் சந்தேகப்பட்டார்கள்.

எனக்கோ வேறு கவலை. என் மகளுக்கு மார்கழியில் தலைப்பிரசவம். கோயம்புத்தூரில் இருக்கிறாள். முறைப்படி அவள் என் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. என் கணவர் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான், வெந்நீர் வைக்கத் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. நான் போயே ஆக வேண்டும். மார்கழி என்றால் அரையாண்டுத் தேர்வு. கல்வி அலுவலகத்தில் கேட்டேன். "அடுத்த சீனியர் பொறுப்பு எடுத்துக்கறதா எழுதிக் கொடுத்தா நீங்க தாராளமா போகலாம்மா" என்றார் அதிகாரி.

அடுத்த சீனியர் பூந்தமல்லி டீச்சர். கேட்டவுடனே கையெடுத்துக் கும்பிட்டார். "டீச்சர், உங்களுக்காக நான் என்ன வேணா செய்வேன். இது மட்டும் வேணாம். உங்களையே தெனம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்." அவருக்கு அடுத்தவர் ஐயப்பன்தாங்கல் சார். அவரிடம் நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

பூந்தமல்லி டீச்சர் பயந்ததில் தப்பில்லை. காலை உணவு கொண்டு வருகிற வண்டி தாமதமானால் என்னிடம் வருவார்கள். ஆன்லைனில் வருகைப் பதிவு ஏறவில்லையா, என்னிடம்தான். குழாயில் தண்ணீர் வராததற்கும் நான், குரங்கு வந்ததற்கும் நான். எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பாதிக் கணக்கில் விட்டுவிட்டு வெளியே போனால், திரும்பி வரும்போது எந்தப் படியில் நின்றேன் என்று பிள்ளைகள்தான் சொல்வார்கள். அப்போதெல்லாம் நான் கத்தாத நாளில்லை.

கார்த்திகையில் மறுபடி மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை விடியற்காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் ஒரே கேள்விதான், லீவா இல்லையா? சென்னைக்கு விடுமுறை என்று டிவியில் ஓடியது. திருவள்ளூரைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் ஒவ்வொரு அழைப்பாக எடுத்து, "ஸ்கூல் உண்டு, அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் லைன் கிடைக்காதவர்கள் அவரவர் வகுப்பு டீச்சரைப் பிடித்தார்கள். ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டம். அங்கே விடுமுறை அறிவித்து, இங்கிலீஷ் சாரின் மகள் பள்ளியிலிருந்து செய்தியும் வந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் அவர் தன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'இன்று விடுமுறை' என்று போட்டுவிட்டார். பூந்தமல்லி நம் மாவட்டம்தான், ஆகவே அந்த டீச்சர் 'பள்ளி உண்டு' என்று போட்டார். சின்ன டீச்சர், "மேடத்தைக் கேட்டுச் சொல்லுதேன்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். என் போன் பிஸி.

ரயில் ஊர்ந்து நான் போய்ச் சேர்ந்தபோது சில வகுப்புகள் நிறைந்திருந்தன, சில வகுப்புகளில் ஈ ஓட்டலாம். இங்கிலீஷ் சார் தப்பு தெரிந்து, தொப்பலாக நனைந்து, எனக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். கேட்டருகே ஒரு அம்மா குடையோடு நின்றிருந்தார். ஒரு கையில் ஏழாம் வகுப்புப் பையன், இடுப்பில் பள்ளிச் சட்டை போடாத சின்னப் பெண்.

"இன்னா டீச்சர் இது? பெரியவனுக்கு ஸ்கூல் கீதுன்னு ஒரு டீச்சர் சொல்றாங்கோ. நடுவுலவனுக்கு லீவுன்னு அந்த சாரு போடறாரு. இந்தக் குட்டிக்குக் கேட்டுச் சொல்றேன்னாங்கோ, இன்னும் சொல்லல. மூணும் ஒரே ஊட்லதான் கீது. நான் வேலைக்குப் போவட்டா, இல்ல ஊட்லயே குந்திக்கினு இருக்கட்டா? இந்த ஸ்கூலுக்கு எத்தினி எச்.எம்மு?"

அவர் கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவரிடம் கோபப்பட முடியாது. மன்னிப்புக் கேட்டு, சின்னப் பெண்ணையும் உள்ளே விடச் சொல்லிவிட்டு, மதியம் எல்லோரையும் ஆறாம் வகுப்பு அறைக்குக் கூப்பிட்டேன். சாப்பாட்டோடு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்குக் கோபம் வந்தால் தமிழ் நன்றாக வரும். அன்று அருவியாகக் கொட்டியது. நான் ஒருத்தி எத்தனைக்குத்தான் மாரடிப்பது, பெற்ற பெண்ணின் பிரசவத்துக்குப் போக உங்கள் கையெழுத்துக்குப் பிச்சை எடுக்க வேண்டியிருக்கிறது, நான் போகாமல் அவளுக்கு ஏதாவது ஆனால் இந்தப் பள்ளிக்கூடமா வந்து பார்க்கும் என்று கேட்டேன். கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களும் எதிர்பார்க்கவில்லை. மகளின் நஞ்சுக்கொடி விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

பிறகு ஐயப்பன்தாங்கல் சார் பேசினார். "மேடம், இன்னைக்குப் பண்ணினது தப்புதான். ஆனா அன்னைக்கு வரலைன்னு எல்லாரும் பேசினீங்களே, என் வீட்ல கட்டில் மேல அடுப்பு வெச்சு சமைச்சோம் மேடம். யாராவது ஒருத்தர் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்."

சின்ன டீச்சர் அழுதுவிட்டாள். "நான்தான் சார் அதிகமாப் பேசினேன். அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன், அந்தக் கோவத்துல பேசிட்டேன்." அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். பூந்தமல்லி டீச்சர், "எனக்கில்லையா சார்?" என்றார். அத்தோடு இத்தனை நாள் முறைப்பும் முடிந்தது. இவ்வளவுதானா, இதற்கா இந்தப் பாடு என்று எனக்கு ஆத்திரமும் ஆறுதலும் ஒன்றாக வந்தன.

"அந்தம்மா எத்தனை எச்.எம்.னு கேட்டாங்கல்ல?" என்றார் பூந்தமல்லி டீச்சர். "ஒண்ணுன்னா நான் மாட்டேன். மூணுன்னா வரேன். பேர் என்னுது, வேலை மூணு பேருது. சம்மதமா?"

பெற்றோரிடம் பேசுவது முழுக்க இங்கிலீஷ் சார் கைக்குப் போனது. இனி லீவானாலும் கூட்டமானாலும் அவர் ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், மற்றவர்கள் அதை அப்படியே அனுப்ப வேண்டும். தப்புச் செய்தவரிடமே அதைக் கொடுக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவரே, "இனிமே மூணு கலெக்டரையும் பாத்துட்டுதான் வாயத் தொறப்பேன்" என்றார். அலுவலகத்தையும் தேர்வு வேலைகளையும் பூந்தமல்லி டீச்சர் எடுத்துக்கொண்டார். காலை உணவும் பிரேயரும் சின்ன டீச்சருக்கு. "எதுன்னாலும் மேடத்தைக் கேட்டு..." என்று அவள் ஆரம்பித்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில், "கேக்காத" என்றார்கள். அவரவர் வேலையில் அவரவர் முடிவுதான் என்று பேச்சு. எனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நான் கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை மாதிரி ஓடியது. கோளாறு இல்லாமல் இல்லை. பெஞ்சுக்குக் கால் வைக்க ஆளாளுக்குச் சொல்லி, ஒரே நாளில் இரண்டு தச்சர்கள் வந்து ஒருவரையொருவர் முறைத்தார்கள். சின்ன டீச்சர் பிரேயரை இழுத்துக்கொண்டே போய் முதல் பீரியடில் பாதியைத் தின்றாள். நான் வாயைத் திறக்கப் போவேன், பூந்தமல்லி டீச்சர் என்னை ஒரு பார்வை பார்ப்பார், மூடிக்கொள்வேன். வாசலில் யாரும் வந்து நிற்காமல் ஒரு முழுப் பீரியட் கணக்கு நடத்தினேன். நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. என்னைக் கேட்காமலே தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டார்கள், அதுவும் நான் கழுவ வைத்ததைவிட நன்றாக.

மார்கழி பிறந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கோவை ரயிலில் ஏறினேன். தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் நான் போன மூன்றாம் நாள் மத்தியானமே மகளுக்கு ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. ஆட்டோவில் என் மடியில் அவள் தலை, கால்மாட்டில் துணிப்பையோடு என் கணவர். மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து டிரைவரிடம் என்னவோ உளறிக்கொண்டு வந்தார். நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நான் நின்ற நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. நர்ஸ் வந்து, "பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க" என்றதும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருமுல்லைவாயிலில் நான் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த ஆட்டோவில் அவள் தலை யார் மடியில் இருந்திருக்கும் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. வந்ததும் அழுதேன், நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் பூந்தமல்லி டீச்சருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கத்தினார். பின்னால் பலபேர் கத்துவது கேட்டது. பள்ளி விட்டும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது. "தேர்வெல்லாம் எப்படிப் போகுது?" என்று மெல்ல ஆரம்பித்தேன். "டீச்சர், நீங்க லீவு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். என் சர்வீசில் யாரும் என் முகத்தில் அடித்த மாதிரி போனை வைத்து எனக்கு இவ்வளவு சந்தோஷமானதில்லை.

மறுநாள் மகளை அறைக்கு மாற்றினார்கள். குழந்தை பக்கத்தில் தூங்கியது. மகள் வெளுத்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சின்ன வயதில் காய்ச்சலாகப் படுத்தால் நான் கஷாயம் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவேன். அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றும் பாதி நாள்தான் லீவு. அவள் கல்யாணத்துக்குக்கூட விடைத்தாள் கட்டோடுதான் மண்டபத்துக்குப் போனேன். அதையெல்லாம் அவள் குறையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். அன்றும் கேட்டாள்.

"எப்பம்மா கிளம்பணும்?"

வழக்கம்போலத் தேதி சொல்ல வாயைத் திறந்தேன். சொல்வதற்குத் தேதி ஏதும் இல்லை.

"தெரியலடி. அங்க என்னை யாரும் தேடல."

"நெஜமாவா?"

"நெஜமா. நான் இல்லாம நல்லாவே நடக்குது."

அவள் சிரித்தாள். தையல் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு என் தோளைக் காட்டினாள்.

"அப்ப அந்த ஹேண்ட்பேகைக் கழட்டி வைம்மா. நேத்துலேருந்து மாட்டிக்கிட்டே இருக்க."

கழற்றி வைத்தேன்.