வெளிப் பாத்திரத்தில் இருந்த மழை

கார்த்திகை மூன்றாம் வாரம் நான் தென்காசி போனது அருவியில் குளிக்க அல்ல. இந்தத் தளத்தில் வழக்கமாக ரயில், சாப்பாட்டுக் கடை, தங்கும் இடம் என்று எழுதுவேன். என் வேலையைப் பற்றி எழுதியதில்லை. மழையை அளந்து, சின்ன ஆறுகளில் எவ்வளவு வெள்ளம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. மூன்று வருடமாக அச்சன்புதூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஊரில் அதைச் செய்து பார்த்துவந்தேன். ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஐப்பசிக் கடைசியில் அந்த ஊரில் ஒருவர் வெள்ளத்தோடு போய்விட்டார். அன்று காலை, தண்ணீர் தரைப்பாலத்துக்குக் கீழேதான் இருக்கும் என்று செய்தி அனுப்பியது நான். எங்கே தவறியது என்று பார்க்கத்தான் இந்தப் பயணம்.

எழும்பூரில் இரவு 8.40-க்கு ரயில். படுக்கை வசதிக்கு 405 ரூபாய். கடையநல்லூர் தாண்டி மேற்கே எட்டிப் பார்த்தேன். மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. 7.40-க்குத் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர், பேருந்தில் பத்து ரூபாய். குளித்து உடை மாற்ற அரைநாள் அறை 600 ரூபாய் (ஐயப்ப சீசன், பேரம் நடக்காது).

பேரருவியில் தடை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கறுப்பு வேட்டிக்காரர்கள் நூறு பேராவது துண்டோடு நின்றிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்தது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. வேறு சமயமாக இருந்தால் படம் எடுத்திருப்பேன்.

பத்து மணிக்கு ஆட்டோ பிடித்தேன். இலஞ்சி, இலத்தூர் வழியாகப் பதினேழு கிலோமீட்டர், 400 ரூபாய். ஓட்டுநர் மாடசாமிக்கு நான் போகும் ஊர் ஆச்சரியமாக இருந்தது.

"அங்கன என்ன சார் பாக்கப் போறீய? அருவி ஒண்ணும் கெடையாதே."

"தெரிஞ்சவங்க வீடு."

"வெள்ளத்துல ஒரு ஆளு போனாரே, அந்த ஊருதானே? மழை அளக்குத பொம்பள ஒண்ணு, பயமில்லை போங்கன்னு சொல்லிட்டாளாம்லா. அதை நம்பிப் போயிருக்காரு பாவம்."

கதை பதினேழு கிலோமீட்டர் வந்துவிட்டது. அதில் நான் இல்லை.

அந்தப் பொம்பள ஜைனம்பு அக்கா. நாற்பத்திரண்டு வயது. கணவர் கத்தாரில். வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைப்பார். அவர் வீட்டுப் பின்புறம் திறந்த வெளி என்பதால் மழைமானியை அங்கே வேலி போட்டு வைத்தேன். மேலே புனல், அதற்குக் கீழே குப்பி, இரண்டையும் சுற்றி வெளிப் பாத்திரம். தினமும் காலை 8.30-க்குக் குப்பியில் உள்ள தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி அளந்து எனக்கு அனுப்புவார். ஒரு ஜாடி இருபது மில்லிமீட்டர் மழை. அதைச் சூத்திரத்தில் போட்டு, ஆற்றில் எவ்வளவு வரும் என்று ஒன்பது மணிக்குள் நான் பதில் அனுப்புவேன். அவர் தெருவுக்குச் சொல்வார்.

கதவைத் திறந்தவர் வாங்க என்று சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று. மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"ஒருத்தரும் தைக்கக் குடுக்கதில்ல சார்" என்றார். "மூணு வாரமாச்சு. பைப்புல தண்ணி பிடிக்கப் போனா பேச்சு நின்னுருது."

நோட்டைக் கேட்டேன். அந்த நாளுக்கு எதிரே 200 என்று இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருந்தார்.

"பத்து ஜாடி. எண்ணிக்கை சரிதானே அக்கா?"

"பத்துதான். குப்பி வாய் வரைக்கும் நெறஞ்சு நின்னுச்சு."

அந்தக் குப்பியின் கொள்ளளவே பத்து ஜாடிதான்.

"வெளிப் பாத்திரத்துல தண்ணி இருந்துச்சா?"

"கெடந்துச்சு. அதுவும் ஒரு மூணு நாலு ஜாடி வரும். கொட்டிட்டேன்."

"ஏங்க்கா?"

"நீங்கதான சார் சொன்னீய?" நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன்பு நான் சொல்லச் சொல்ல எழுதியது. 'வெளி டப்பாவில் தண்ணீர் நின்றால் பாசி பிடிக்கும். கொட்டிவிடவும்.'

பனியும் ஈரமும் சேரும் என்று அதைச் சொன்னேன். குப்பி நிறைந்தால் மீதி மழை அந்தப் பாத்திரத்தில்தான் வழியும், அதையும் அளக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்று வருடத்தில் குப்பி நிறைந்தது அன்று ஒரு நாள்தான். அந்தக் காலை 200 என்ற எண் என் முன்னால் வந்தது. குப்பி பிடிக்கிற அளவு துல்லியமாக வந்து நிற்கிறதே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. போனில் மூன்று ஜாடியைக் கூட்டிப் போட்டுப் பார்த்தேன். தரைப்பாலத்துக்கு மேல் இடுப்பளவு என்று சூத்திரம் சொன்னது.

அவரிடம் சொன்னேன். ஜாடியைக் கையில் எடுத்தார்.

"அப்ப நான் அளந்தது தப்பில்லையா?"

"இல்லக்கா. சொல்லிக் குடுத்தது தப்பு."

"மூணு வாரமா ஒறக்கம் இல்ல சார். இதை ஒரு போன்ல கேட்டிருக்கலாம்லா?"

கேட்டிருக்கலாம். அந்த மூன்று வாரமும் கணினியில் சூத்திரத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அளந்தவரைக் கேட்கவில்லை.

"செல்லக்கனிகிட்ட போய் சொல்லுங்க" என்றார். "நான் வரல."

செல்லக்கனி, இறந்துபோன சுடலைமுத்துவின் மனைவி. நான்கு வீடு தள்ளி இருந்தார். மடியில் பீடித் தட்டு இருந்தது. இலை வெட்டியபடி இருந்தது, சுற்றவில்லை. நான் யார் என்று சொன்னதும் தட்டை இறக்கி வைத்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் நின்றபடியே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கரையில ஆடு கட்டிக் கெடந்துச்சு" என்றார். "போவாண்டாம்னு சொன்னேன். 'மழைய அளக்கவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்'னு கேட்டாரு. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்கிப் போனாரு. அப்பறம் நான் அவள நடுத்தெருவுல நிறுத்தி வைதேன். மண்ண வாரித் தூத்துனேன்."

"அவங்க மேல தப்பே இல்லம்மா. என் தப்பு."

"இப்ப வந்து சொல்லுதீய. நான் இனி யாரை வைய?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவரே சொன்னார்: "எங்கிட்ட சொன்னது பத்தாது. முக்குக் கடையில போய்ச் சொல்லுங்க. ஊரு பேசுதது அங்கனதான்."

மூன்று மணி. டீக்கடையில் ஏழெட்டு ஆண்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கருத்தரங்குகளில் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் பேசியிருக்கிறேன். அங்கே முதல் வாக்கியத்தை இரண்டு முறை தொடங்க வேண்டியிருந்தது. குப்பி, வெளிப் பாத்திரம், பத்து ஜாடி எல்லாவற்றையும் சொல்லி, ஜைனம்பு சரியாகத்தான் அளந்தார், தப்பு முழுக்க என்னுடையது என்று முடித்தேன். இனிமேல் செய்தி வந்தாலும் ஆற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏ தம்பி, ஆத்தப் பாக்க எங்களுக்குத் தெரியாதா? மேக்க மலையில இருட்டுனா ஆடு மாட்ட இக்கரைக்குப் பத்திருவோம். நீ சொன்னதுனாலதானே அவன் பாக்காம எறங்குனான்."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைக்காரர் டீக்கு வாங்கிக்கொள்ளவில்லை. அது மரியாதையா, இல்லை என் கையிலிருந்து வாங்கப் பிடிக்கவில்லையா, தெரியாது.

திரும்பிப் போனபோது ஜைனம்பு அக்கா ஜாடி, நோட்டு, வேலிப் பூட்டின் சாவி மூன்றையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருந்தார்.

"கடையில சொல்லிட்டேன்க்கா."

"கேட்டுச்சு. நல்லது." பையை என் பக்கம் நகர்த்தினார். "இனிமே நான் அளக்கல சார். நீங்க சொன்னதுல ஒண்ணுகூட விடாமதான செஞ்சேன்?"

ஆமாம் என்றேன். பையை எடுத்துக்கொண்டேன். நாலே கால் பேருந்தில் அச்சன்புதூர் வந்து, அங்கிருந்து தென்காசி. இரண்டும் சேர்த்து 24 ரூபாய். ஆறரைக்கு ரயில்.

குற்றாலம் போகத் திட்டமிட்டு என்னிடம் கேட்பவர்களுக்குச் சிலது சொல்கிறேன். சாரலுக்கு ஆனி, ஆடி போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அருவியில் குளித்தே தீர வேண்டும் என்று போகாதீர்கள். அறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், தடை எந்த நேரமும் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலை உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால், சத்தம் மாறினால், துண்டை எடுக்கக்கூட நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியையும் இறக்காதீர்கள், காலையும் வைக்காதீர்கள். போனில் பயமில்லை என்று ஒரு செய்தி வந்தால், அதை அனுப்பியவன் ஆற்றங்கரையில் இல்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தானாக அளக்கும் கருவி ஒன்று கேட்டு எழுதியிருக்கிறேன். எப்போது வரும் என்று தெரியவில்லை. ஊரில் வேறு இரண்டு பேரைக் கேட்டேன், யாரும் சம்மதிக்கவில்லை. இதை எழுதும்போது தென்காசியில் நல்ல மழை என்று செய்தி ஓடுகிறது. அந்த மலையடிவாரத்தில் இன்று எவ்வளவு பெய்தது என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது.