அம்மாவின் ஊர் இல்லாத வரைபடம்

காளவாசல் கடையில் புதிய தமிழ்நாடு வரைபடத்தை விரித்ததும் வார்னிஷ் வாடை அடித்தது. காரைக்காலைத் தேடினேன். சுற்றியுள்ள மாவட்டத்துப் பச்சையை அதன்மேலும் கடல்வரை பூசியிருந்தார்கள்.

ஆறாம் வகுப்பிலும் இதே வாடை, இதே பச்சை. என் படத்தில் காரைக்காலுக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தேன்.

"தமிழ்நாட்டுக் கரையில என்னடா கொப்புளம்?" என்று வாத்தியார் அதன்மேல் பச்சையைத் தேய்த்தார்.

"அது புதுச்சேரியோட துண்டு சார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. எங்கம்மா பொறந்தது அங்கதான்."

"அப்ப நீ வெள்ளக்காரத் தொரையா மாப்ள?" பின்பெஞ்சு சிரித்தது.

கொப்புளமாம்! அம்மா சிறுமியாக இருந்தபோது, காரைக்காலிலிருந்து நாகூருக்குப் போகும்போதெல்லாம் பிரெஞ்சு எல்லைச் சாவடியில் அவள் பையைக் கொட்டிச் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில், சோழவந்தான் பஸ் நின்றாலே பை முடிச்சை அவிழ்த்துவிடுவாள்.

"ஒன் வெத்தலைய எவன் புடுங்கப் போறான்?" என்பார் அப்பா.

எல்லையே இல்லையென்றால் அந்த விரல்கள் எதற்குப் பயந்தன?

"அண்ணே, இதுல காரைக்கால் இல்லையே?" என்று கடையில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டேன்.

"இம்புட்டூண்டு ஊருக்கு எவன் தம்பி தனிக் கலர் அடிப்பான்?" என்றார் கடைக்காரர்.

நான் அடிப்பேன். வரைபடத்தோடு ஒரு சிவப்புப் பென்சிலும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு காரைக்காலுக்குப் பஸ் ஏறுகிறேன். பழைய சாவடி நின்ற இடத்தை அவள் கைகாட்டட்டும். என் சிவப்புப் பென்சில் கோடு அங்கிருந்து தொடங்கும்.