சாச்சா மௌத்துச் சொன்ன விதம்

ஒலுவிலில் ஒரு வீட்டில் சாச்சா மறுசோறு வாங்கிக்கொண்டு, "ஆணத்துக்குப் புளி அளவாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வீட்டுக்காரியின் தாய் அன்று காலையில்தான் கல்முனையில் மௌத்தாகியிருந்தார். அதைச் சொல்லத்தான் சாச்சா போயிருந்தார்.

வாப்பாவின் தம்பி அவர். எழுபதுகளின் கடைசியில் எங்கள் குடும்பத்தில் ஒருவர் கண்மூடினால் வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சொல்லப் போகிறவர் அவர்தான். தந்தி போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிடும். காலையில் மௌத்தென்றால் பின்னேரம் அஸர் தொழுகையோடு ஜனாஸாவை எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஆளைக் கூட்டி வந்து முகம் காட்ட வேண்டும். அந்த அவசரத்திலும் இந்த மனிதர் போன வீட்டில் உட்கார்ந்து மழையையும் வேளாண்மையையும் கதைப்பார், சோறு கேட்பார், அவர்களையும் பக்கத்தில் இருத்தித் தின்ன வைப்பார். "கல்முனைக்கு ஒருக்கா போய் வருவம்" என்று கிளப்பி, பஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்.

"மௌத்துச் சொல்லப் போனவன் விருந்து திண்டுட்டு வாறான்" என்று வாப்பா ஏசுவார்.

"கேட்டதுக்குப் பொறகு ஆரு சோறு திம்பா, காக்கா? மையத்து ஊட்டுல வெறும் வயித்தோட மயங்கி உழவா?" என்பார் சாச்சா தன் அண்ணனிடம்.

எங்கள் சனத்துக்கு இந்த வித்தை தெரியாமல் போகுமா? போகப் போக, அவர் பஸ்ஸால் இறங்குவதைக் கண்டாலே அடுப்பை மூட்டினார்கள். போனது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கண் கலங்கக் கலங்கச் சாப்பிட்டார்கள். ஒருமுறை கல்யாணத்துக்குச் சொல்லப் போன இடத்தில், வீடே அழுதுகொண்டு சோறு தின்றதை அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர் கூட்டி வந்தவர்களில் முகம் பார்க்கத் தவறியவர் இல்லை. இப்போது மையத்தைக் குளிப்பாட்டும் முன்பே கைபேசியில் கத்தார் வரைக்கும் செய்தி போய்விடுகிறது. நல்லதுதான். கேட்டவர் சாப்பிட்டாரா என்பதுதான் தெரிவதில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலையில் சாச்சாவே போய்விட்டார். வரிப்பத்தான்சேனையில் இருந்த அவருடைய ராத்தாவுக்கு, எங்கள் மாமிக்கு, சொல்ல என்னை அனுப்பினார்கள். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. பட்டென்று சொல்லிக் கையோடு கூட்டி வருவதென்றே போனேன். முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த மாமி, என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார்.

"அவன் வரல்லையா?"

"வரல்ல மாமி."

கையில் ஒட்டிய நெல்லை உதறினார். பிறகு, "கை கழுவிட்டு வா மகன்" என்று உள்ளே போய் இரண்டு பீங்கானில் சோறு போட்டார்.

"பஸ் போயிடும் மாமி."

"அவன் ஆரையாவது பஸ்ஸத் தவற விட வெச்சிருக்கானா? தின்னு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மாமி ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அஸருக்கு வெகு முன்பே கல்முனை வந்து சேர்ந்தோம். மாமி தம்பியின் முகம் பார்த்தார். அதற்கு முன், வரும் வழியில் பஸ் வயல்களைத் தாண்டியதும்தான், மாமி முக்காட்டை இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பச் சொல்லு மகன்."