அமாவாசையில் ஏறிய வோல்டேஜ்

4.2 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய ப்ராசஸரை 4.7-இல் ஓட வைத்த அன்று, யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. கணவரிடம் ஓடினேன். அவர் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "கரண்டு பில்லு ஏறுமா?" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசிப் பயனில்லை.

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவள் நான். எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பேன். வரைந்த புடவையை ஒரு பொம்மைக்குக் கட்டிவிட்டது போலப் படமாக்கினால்தான் கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள். அந்த ஒரு படத்துக்கு நாற்பது நிமிடம் ஆகும். வேகத்தை ஏற்றியபிறகு முப்பத்தாறு நிமிடத்தில் முடிந்தது. நான்கு நிமிடம் லாபம். அந்த நான்கு நிமிடமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி ப்ராசஸரை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். வேகம் ஏறினால் அதற்குக் கொஞ்சம் வோல்டேஜும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் மெஷின் நின்றுவிடும், கூடினால் சூடாகிக் கருகிவிடும். இருப்பதிலேயே குறைவான வோல்டேஜில் இருப்பதிலேயே அதிக வேகம் எடுப்பவர்தான் கெட்டிக்காரர். இதற்கென்றே போனில் ஒரு தமிழ்க் குழு இருந்தது. அதில் எழுதினேன்: "4.7, வோல்டேஜ் 1.25, பத்து நிமிட சோதனை பாஸ்." ஆறு ஆச்சரியக்குறிகள் போட்டேன். இப்போது நினைத்தால் இரண்டு போதும்.

வந்தவாசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் ஒருவர் அந்தக் குழுவில் பெரிய ஆள். உடனே குரல் பதிவு அனுப்பினார். "1.25-ல இது ஓடாதுங்க. சாஃப்ட்வேரு காட்டறத நம்பி எழுதக்கூடாது. போர்டுல மீட்டர் வச்சி அளந்தா தெரியும். வீட்டுக்காரரு பண்ணி குடுத்திருந்தா அவர பேச சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். நடுங்குகிற கையால்தான் பதில் தட்டினேன். அமாவாசை அன்று மதியம் நான்கு மணிக்கு வீடியோவில் எல்லோர் முன்னாலும் மீட்டர் வைத்து அளந்து காட்டுகிறேன், வேண்டியவர்கள் பார்க்கலாம் என்றேன். அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டோம். அன்று ஒரு நாள்தான் எங்கள் தெருவில் ஒருவர் பேசுவது இன்னொருவர் காதில் விழும். பொய் சொல்கிறவள் என்ற பேரோடு அந்தக் குழுவில் இருக்க எனக்கு மனமில்லை. வேலை செய்தது நான். நான் சொன்னதை அவர்கள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சொல்லிவிட்டேனே தவிர, அளப்பது லேசான காரியமில்லை. ப்ராசஸர் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் காயில்களில் ஒன்றின் கால்மீது மீட்டரின் சிவப்புக் குச்சியை வைக்க வேண்டும். கறுப்புக் குச்சியைப் போர்டு ஸ்க்ரூவில் வைக்க வேண்டும். ப்ராசஸரை முழு பாரத்தில் ஓட்டும் சோதனை அது, ஓடும் பத்து நிமிடமும் அசையக்கூடாது. சிவப்பு முனை ஒரு நூலளவு வழுக்கிப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டால் போர்டு காலி. என் கையை நம்பி அந்த வேலையைக் கொடுக்க நானே தயாராக இல்லை.

என் ஓரகத்தியின் கை வேறு ஜாதி. தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு தீர்ந்தால், பழைய பாவின் இழை முனையோடு புதிய இழையைச் சேர்த்து விரலால் முறுக்குவார். நாலாயிரத்துக்கு மேல் இழைகள், ஒன்றுகூட அவிழாது. எங்கள் தெருவுக்கே அவர்தான் பாவு பிணைத்துக் கொடுக்கிறார். அமாவாசை காலையில் அவரைப் பிடித்தேன். ஆண்கள் எல்லோரும் சந்தவாசல் பக்கம் கோயிலுக்குப் போயிருந்தார்கள்.

"ஷாக் அடிக்குமாடி?"

"ஒன்ற வோல்ட்டுகூட இல்லக்கா."

"அதுக்கா இம்மாம் பேஜாரு?" என்று வளையலைக் கழற்றி வைத்தார். பிறகு என்னைக் கேட்காமலே, இழை முறுக்கப் போகிறவர் மாதிரி, கிண்ணத்துச் சாம்பலில் விரலைத் தோய்த்தார். போர்டில் சாம்பல் உதிர்ந்துவிடுமே என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டில் குக்கர் விசில்கூட நின்றுவிட்டது. போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பதினோரு மணிக்கு ஒத்திகை. மீட்டர் அவருடைய கணவருடையது. விசைத்தறி மோட்டார்களுக்கு அவர் அதை வைத்துத்தான் வைத்தியம் பார்ப்பார். கம்ப்யூட்டரின் அடிப்படை அளவுகளை வைக்கும் பயாஸில் நான் வைத்திருந்த வோல்டேஜ் 1.30. சோதனையை ஓட்டினால் பாரம் ஏறி அது கொஞ்சம் இறங்கும். தெருவில் எல்லாத் தறியும் ஒன்றாகக் கிளம்பும்போது பல்பு மங்குமே, அதேதான். இறங்கி 1.25-இல் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. அக்கா குச்சிகளை வைத்தார். மீட்டர் 1.42 காட்டியது.

வந்தவாசிக்காரர் சொன்னதுதான் சரியா? அதைவிட மோசம், 1.42 தொடர்ந்து போனால் ப்ராசஸர் எத்தனை நாள் தாங்கும்? சோதனையை நிறுத்தினேன். நான் வைத்ததே 1.30, அதற்குமேல் எப்படி ஏறியது என்றும் புரியவில்லை. அக்கா தன் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"இன்னாங்க, உங்க மீட்டரு ஜாஸ்தியா காட்டுது."

கோயில் மணிச் சத்தத்துக்கு நடுவில் மாமா யோசிக்கவே இல்லை. "அமாவாசை இல்ல? ஒரு தறியும் ஓடல. லைன்ல வோல்டேஜ் ஏறிகினுதான் இருக்கும். நாளிக்கு தறி ஓட்னா தானா எறங்கிடும்."

சுவரில் இருந்து வருவது ஏறினாலும் இறங்கினாலும் கம்ப்யூட்டரின் பவர் பெட்டி உள்ளே ஒரே அளவைத்தான் கொடுக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தலையை ஆட்டினேன். இந்த ஊரில் எது கெட்டாலும் வோல்டேஜ், எது நன்றாக ஓடினாலும் வோல்டேஜ். மிக்ஸி சுற்றாததற்கும் டிவி கோடு போடுவதற்கும் தறிகளைத் திட்டி வளர்ந்தவள் நான். பாலோடு குடித்தது அவ்வளவு சீக்கிரம் போகாது.

"அமாவாசைக்கு ஏறினத நாம எறக்கிக்கலாம்கா" என்று பயாஸுக்குள் போனேன். மீட்டரில் 1.25 வரவேண்டும் என்று கணக்குப் போட்டு 1.30-ஐ 1.13 ஆக்கினேன். சேமித்தேன். காற்றாடி சுற்றியது. திரை வரவில்லை. அணைத்துப் போட்டேன், அப்போதும் வரவில்லை. மூன்றாவது தடவையும் கறுப்புத்தான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "செத்துட்சா?"

"தெரில."

வயர்களைக் கழற்றி மாட்டி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்ததில் மணி இரண்டரை ஆகிவிட்டது. பயாஸ் தன் நினைவை மறந்து பழையபடி எழ வேண்டுமென்றால், போர்டில் இருக்கும் பொத்தான் மாதிரிப் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட வேண்டும். கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கட்டிலில் குப்புற விழுந்தேன். குழுவில் அதற்குள் இருபத்தெட்டுப் பேர், நான்கு மணிக்குத் தயார் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் டீயும் மிக்சருமாகப் படம்வேறு போட்டிருந்தார்.

காலையிலிருந்து குச்சி பிடித்த கை சும்மா இருக்காது. அக்கா அந்தப் பேட்டரியையும் அளந்து பார்த்தார்.

"ஏண்டி, இதுல எவ்ளோ இருக்கணும்?"

"மூணு. மேலேயே எழுதியிருக்கும்."

"எத்தினி வருசம் ஆச்சி?"

"நாலு இருக்கும்."

"நாலு வருசம் கெடந்தா கொறையத்தானே செய்யும்? இது மூணு புள்ளி மூணு ஏழுன்னு காட்டுதே. இதுக்கும் அமாவாசையா?"

கட்டிலிலிருந்து நான் எழுந்த வேகத்துக்கு 4.7 எல்லாம் ஒன்றுமே இல்லை. மீட்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டிக் குறி மின்னிக்கொண்டிருந்தது. மீட்டரின் சொந்தப் பேட்டரி தீரப்போகிறது என்பதற்கான குறி அது. தீரத் தீர மீட்டர் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டும்.

"அக்கா, இது எப்போத்துலேர்ந்து இருக்கு?"

"அதுவா? தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து இருக்கு. எதுனா புட்டான்னு வுட்டுட்டேன்."

புட்டா! புடவை மூலையில் போடுகிற பூவைப் போல மீட்டருக்கும் கம்பெனிக்காரன் ஒன்று போட்டிருக்கிறான் என்று ஒரு குடும்பமே நினைத்திருக்கிறது. அவர் கணவர் அந்த மீட்டரை வைத்துக்கொண்டு, "நம்ம தெருவுக்குத்தான் ஃபுல் வோல்டேஜ்" என்று மாதக்கணக்கில் ஊருக்கெல்லாம் பெருமை பேசியிருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அக்கா ஏனென்று தெரியாமலே சிரித்தார். சொன்னபிறகு என்னைவிட அதிகம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். முதல் கடையில் மீட்டருக்கு வேண்டிய சதுரப் பேட்டரி இல்லை, இரண்டாவது கடையில் இருந்தது. ஓட்டிக்கொண்டே பாடினேன். சேவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து மீட்டருக்குப் புதுப் பேட்டரி போட்டதும், அந்தப் பொத்தான் பேட்டரி ஒழுங்கு மரியாதையாக 3.03 காட்டியது. அதைப் போர்டில் திரும்பப் போட்டேன். திரை எழுந்தது. 4.7-உம் 1.30-உம் மறுபடி வைத்து முடிக்கும்போது மணி நான்கடிக்க மூன்று நிமிடம். ஒத்திகைக்கு நேரமில்லை.

வீடியோவில் நாற்பத்தோரு பேர். வந்தவாசிக்காரர் முதல் கட்டத்தில் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனைப் போர்டுக்கும் மீட்டருக்கும் நேராகச் சாய்த்து வைத்தேன். அக்காவின் கைகள் மட்டும் தெரிந்தன. சோதனையைத் தொடங்கினேன். ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஏழு நிமிடம். மெஷின் நிற்கவில்லை, அந்தக் கைகள் மூச்சுகூட விடவில்லை. பத்தாவது நிமிடம் பச்சையில் 'பாஸ்' என்று வந்தது. நான் கத்தாமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

"ஓடிட்சிங்க, ஒத்துக்கறேன்" என்றார் வந்தவாசிக்காரர். "ஆனா வோல்டேஜ் எவ்ளோங்க? நெட்டு ஸ்லோவா இருக்குது. ஒன்னு புள்ளி ரெண்டு வரைக்கும் தெரியுது. கடைசி நம்பர் அஞ்சா எட்டான்னே புரியல. நீங்களே சொல்லுங்க."

மீட்டரைப் பார்த்தேன். பத்து நிமிடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.28.

ஐந்து என்று சொன்னால் போதும். ஐந்தா எட்டா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரியும், அவர் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. ஆறு ஆச்சரியக்குறி போட்டு எழுதிய ஐந்து அது. சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எட்டுங்க" என்றேன். "1.28. நான் எழுதனது தப்பு. சாஃப்ட்வேரு கொறச்சி காட்டியிருக்கு."

முகம் எரிந்தது. அக்கா குச்சியை எடுக்காமலே, "எட்டுதான்யா, என் கண்ணு நல்லாதான் இருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வந்தவாசிக்காரர் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்.

"மேல போவுமாங்க? 4.8?" என்றார். இந்த முறை சோதிக்கிற குரல் இல்லை. எங்களைப் போலவே அவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "ஜல்தி போடுடி" என்றார். 4.8 வைத்தேன், பயாஸில் 1.35 கொடுத்தேன். குச்சிகள் மறுபடி உட்கார்ந்தன. நாற்பத்தோரு பேரும் வாயைத் திறந்துகொண்டு பார்க்க, அரை நிமிடத்தில் மெஷின் உறைந்தது. அந்த நேரம் பார்த்து நெட்டும் போய், வீடியோ அறுந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அக்கா குச்சிகளோடு சுவரில் சாய்ந்து குலுங்கிக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வந்தவாசிக்காரர். "ஒன்னுமே தெரியாம கட்டாயிட்சி. இன்னாங்க ஆச்சி?"

"4.8 போகலைங்க. 1.33-ல நின்னுட்சி."

"சரிங்க, எழுதிக்கறேன்" என்றார். மீட்டரைக் காட்டச் சொல்லவில்லை.