வழியனுப்பத் தெரியாத ஊர்

எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஊரைவிட்டுப் போன வருஷம் ஹூஸ்டனில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் நினைவிருக்கும். முதலாளி புது ஸ்டேடியம் கேட்டார். நகரம் கட்டித்தர மறுத்தது. டென்னஸிக்காரர்கள் வா என்றார்கள். அவர் டீமைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடை வரிசையிலும் ரேடியோவிலும் மெடிக்கல் சென்டர் லிஃப்டிலும் அவரைத் திட்டாத ஆள் கிடையாது. எனக்கோ எரிச்சல். பிறந்த ஊர், பெற்றவர்கள், பேசிய பாஷை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவள் நான். யாரோ நாலு பேர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஊர் மாறுவதற்கு இத்தனை ஒப்பாரியா என்று என் கணவரிடம் சிடுசிடுத்தேன். அவர் வழக்கம்போல பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்பா மூலமாக. அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து திருச்சியில் ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு நானும் அண்ணனும் கிரீன் கார்டு எடுத்து அவரை வரவழைத்துக்கொண்டோம். நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், அண்ணன் கலிஃபோர்னியாவில் டப்ளின் என்கிற ஊரில். இங்கே பெற்றவர்களைப் பிள்ளைகள் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆறு மாதம் உனக்கு, ஆறு மாதம் எனக்கு. ஜூனில் அண்ணன் அவரை விமானம் ஏற்றிவிடுவான். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நான் திருப்பி ஏற்றிவிடுவேன். நானும் அண்ணனும் இதில் ஒரு வார்த்தை முரண்பட்டதில்லை. எத்தனை நல்ல பிள்ளைகள் என்று மாதா கோயிலில் எல்லா ஆன்ட்டிகளும் எங்களை மெச்சினார்கள். அப்பாவுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அவரும் வாய் திறந்ததில்லை. "டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தாச்சா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்குவார்.

அவருடைய உத்தியோகமே அப்படித்தான். நாங்கள் வளர்ந்தது எந்த ஊர் என்று யாராவது கேட்டால் நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஒரு பள்ளிக்கூடத்தில் சிநேகிதி கிடைத்து, அவள் வீட்டில் கொடுக்காப்புளி தின்னப் பழகுவதற்குள் ஆர்டர் வந்துவிடும். உடனே ஒரு பிரிவு உபசார விழா. டீ, மிக்சர், ரோஜா மாலை, குரூப் போட்டோ. ஒருவர் எழுந்து அப்பாவின் மாறுதல் இந்த நிலையத்துக்குப் பேரிழப்பு என்று பேசுவார். மறுநாள் எங்கள் சாமான் வேகனில் ஏறிவிடும். கிளம்பும்போது அழக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால்தானோ என்னவோ, விமான நிலையத்தில் தயிர்சாதப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "போனதும் போன் பண்ணுங்கப்பா" என்று சிரித்த முகமாக நிற்க எனக்கு நன்றாகவே வந்தது. அழுவதெல்லாம் திரும்பி வரும்போது, ஃப்ரீவேயில், தனியாகத்தான்.

அந்த வருஷம் அவரை அனுப்ப எனக்கு மனசே இல்லை. ஆள் வரவர இளைத்துக்கொண்டு வந்தார். சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மருந்தை நான் பார்த்துப் பார்த்துக் கொடுத்துச் சரிப்பட்டு வரும் நேரத்தில் டிசம்பர் நெருங்கிவிட்டது. இங்கேயே இருங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். அண்ணனுடைய முறையை நான் எப்படிப் பிடுங்குவது என்று விழுங்கிவிடுவேன். ஊரில் இருக்கிற எல்லோரிடமும் வாயாடுகிறவளுக்கு இந்த ஒன்று மட்டும் வரவில்லை.

அது மட்டுமில்லை, சுகர் லேண்டில் அவருக்கு ஒரு சிநேகிதரும் கிடைத்திருந்தார். பக்கத்து வீட்டு அமெரிக்கர். எண்ணெய்க் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், மலை மாதிரி உடம்பு. காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜுக்குள் டிவியும் சோஃபாவும் போட்டு வைத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா சட்டைகூட மாற்றாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனதற்குக் காரணத்தை என்னிடம் சொன்னார்.

"கொடி இருக்கு, விசில் இருக்கு, கடிகாரம் இருக்கு. எவனாவது முன்னாடியே நகந்துட்டா உடனே கொடி விழுந்துருது பாத்தியா? நம்ம ஸ்டேஷன்தாம்மா இது. ஆளுங்க மட்டும் கொஞ்சம் தடியா இருக்காங்க."

டீம் போகிறது என்று உறுதியானபோது பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். வாலிபத்திலிருந்து அந்த டீமுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டிருந்த மனிதர். அப்பாவின் கவலையோ வேறு மாதிரி இருந்தது. நடு வருஷத்தில் இப்படி ஆர்டர் போட்டால் விளையாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஸ்கூல் அட்மிஷன் எப்படிக் கிடைக்கும் என்று கேட்டார். அங்கே குவார்ட்டர்ஸ் கொடுப்பார்களா என்றார். அவர்களுக்குக் கோடி கோடியாய்ச் சம்பளம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சம்பளம் கெடக்கட்டும். பொண்டாட்டி புள்ளைங்களுக்குப் புது ஊரு புது ஊருதானே," என்றார்.

லீக்கை விரிவுபடுத்தப் போகிறார்கள், நம் ஊருக்கே புதிதாக ஒரு டீம் தந்தாலும் தருவார்கள் என்று அப்போதே பேச்சு அடிபட்டது. அப்பா இதைத் தூக்கிக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனார். தன் மகன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற ஓக்லண்ட் டீம்கூடப் போய்விட்டுப் பல வருஷம் கழித்துப் போன வருஷம் திரும்பி வந்துவிட்டது, இதுவும் அப்படித்தான் என்று தன் ரயில்வே இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். அந்த மனிதர் தலையை ஆட்டினார். புது டீம் எனக்கு எதற்கு, எனக்கு இவர்கள்தான் வேண்டும் என்றார்.

கடைசி ஆட்டம் டிசம்பரில் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவையும் கூப்பிட்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் அவருடைய டிக்கெட் எனக்கு வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கினால் கொடுக்க பிஸ்கட்டும் ஜூஸும் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். அப்பா கோட்டு போட்டு, டை கட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். என்ன அது என்றதற்கு ஒன்றுமில்லை என்றார். பூசைக்குப் போகிற மாதிரி இருக்கிறீர்களே என்று கேலி செய்தேன்.

அந்தப் பெரிய கூரை போட்ட ஸ்டேடியத்தில் பாதி கூட நிரம்பவில்லை. வந்திருந்தவர்களும் ஆட்டம் பார்க்க வந்தவர்களாகத் தெரியவில்லை. முதலாளியின் பெயரைச் சொல்லி ஊளையிட்டார்கள். நல்ல பந்து பிடித்தாலும் ஊளை, விட்டாலும் ஊளை. அட்டைகளில் எழுதிக் கொண்டுவந்திருந்த வார்த்தைகளை அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கப் போனார். நான் அவர் முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிவிட்டேன். எங்கள் ஆட்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்து அவர்கள் உள்ளே போகிற பாதை எங்கள் இருக்கைகளுக்குக் கீழேதான் இருந்தது. அப்பா எழுந்தார். பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். உள்ளே ஒரு பொன்னாடை. திருச்சியில் ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் போர்த்தியது, சரிகை வைத்து, பச்சை நிறத்தில். அதை எதற்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அலைகிறார் என்று எனக்குத் தெரியாது. அதை இரண்டு கையாலும் விரித்து, கம்பிக்கு மேலே நீட்டி, "தேங்க் யூ, சார்! ஆல் தி பெஸ்ட் இன் தி நியூ ஸ்டேஷன், சார்!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் குரலில் கத்தினார். பிளாட்ஃபாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கிற குரல் அது.

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். முகத்தில் நீலச் சாயம் பூசியிருந்த ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். எங்கிருந்தோ ஒரு காகிதக் கோப்பை வந்து அப்பாவின் தோளில் பட்டு, கோட்டெல்லாம் கோக் வழிந்தது. எனக்கு வந்ததே கோபம்! எறிந்தவன் எவன் என்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். நம்மை விட்டுவிட்டுப் போகிறார்கள், நீ நன்றி சொல்கிறாயா என்று கத்தினார். கத்திக்கொண்டே இருந்தவர் அப்படியே அழுதுவிட்டார். அத்தனை பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுது நான் பார்த்ததில்லை. அப்பா பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பாதையில் போனவர்களில் யாராவது நிமிர்ந்து பார்த்தார்களா என்று இருவருமே கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு ரசம்சாதம் போட்டேன். கோட்டைக் கழற்றிவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். என் கணவர் அன்றைக்கென்று பார்த்து அடுத்த வாரத்து விமான நேரத்தை நினைவுபடுத்தினார். அப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அம்மாடி, நான் செஞ்சது தப்பா?" என்றார்.

"தப்பெல்லாம் இல்லப்பா. இவங்களுக்கு நம்ம வழக்கம் தெரியாது."

"அது இல்லம்மா. எத்தனை ஊர்ல எனக்கு மாலை போட்டிருப்பாங்க? மிக்சர் குடுத்து, கை குலுக்கி, அனுப்பி வச்சிருவாங்க. ஒரு ஊர்லயாவது ஒருத்தனாவது, போகாதய்யான்னு சொன்னானா? இங்க பாரு, ஒரு ஊரே சண்டை போடுது." கவளத்தை உருட்டிக்கொண்டே, "குடுத்து வச்சவங்க," என்றார்.

கையில் இருந்த கரண்டியை நான் சிங்க்கில் போட்டேன். போட்ட வேகத்தில் ரசம் சுவரெல்லாம் தெறித்தது.

"யாரு அனுப்பி வைக்கிறாங்க உங்கள? நானா? நீங்களாத்தான் பெட்டிய எடுத்து வைக்கிறீங்க! ஒரு தடவையாவது இருக்கட்டுமான்னு கேட்டீங்களா? டிரான்ஸ்ஃபராம் டிரான்ஸ்ஃபர்! நீங்க போகக் கூடாது. எனக்குப் பிடிக்கல. போனீங்கன்னா நான் ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன், டாக்ஸி வச்சுப் போங்க!"

என் கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அப்பா கையில் எடுத்த கவளத்தோடு என்னைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் வருத்தப்படுவானேம்மா."

"படட்டும். வேணும்னா வந்து என்கூட சண்டை போடட்டும்."

சூட்டோடு சூடாகப் படுக்கையறைக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டேன். அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னேன். அவன் பெருந்தன்மையாகச் சரி பாப்பா என்று சொல்லிவிடுவான், அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

"அதெப்படி நீயா முடிவு பண்ணுவ?" என்று பாய்ந்தான் அவன். "ஜூன்ல அவர அனுப்பிட்டு நான் எப்படி இருக்கேன்னு உனக்குத் தெரியுமா? அவரு ரூம் கதவ மூடியே வச்சிருக்கேன். டிசம்பர் எப்ப வரும்னு பாத்துட்டு இருக்கேன். உன் டர்ன், உன் டர்ன்னு வாய மூடிட்டு இருந்தா நீ அவர அமுக்கப் பாக்கறியா?"

"ஓஹோ, வாய மூடிட்டு இருந்தியா? நான் மட்டும் என்ன, ஆடிப் பாடிட்டு இருந்தேனா? அவரு இளைச்சுப் போனதாவது உன் கண்ணுல பட்டுச்சா?"

"உன் சமையல்ல இளைக்காம என்ன பண்ணுவாரு!"

இப்படி நாங்கள் பிறந்ததிலிருந்து சண்டை போட்டதில்லை. எந்த ஊரில் யார் பொம்மையை விட்டுவிட்டு வந்தது என்பது வரை இழுத்துவிட்டோம். அண்ணன் அழுகிறான் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அப்போதுதான் லைனில் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சமையலறையில் இருந்த அதே லைன் போனை அப்பா எடுத்துக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறார். எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் சட்டென்று நிறுத்தினோம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் அப்பா. "பேசுங்க, பேசுங்க. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."